உப்புநீர்த் தொட்டிக்கு லைட் எத்தனை மணிக்குப் போடுவது, எத்தனை மணிக்கு அணைப்பது

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் அப்புறம். காலையில் வேலைக்குப் போய் ராத்திரி ஏழு மணி வாக்கில் வீடு திரும்புகிற ஒருவர், இரண்டடி நீளத் தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென் பவளம்), ஜோவாந்திட் (பொத்தான் மாதிரிக் கூட்டமாகப் படரும் பவள வகை), ஒன்றிரண்டு எல்.பி.எஸ். (பெரிய பாலிப் உள்ள கல்) பவளம் வைத்திருக்கிறார் என்றால், நீல லைட் பகல் 1 மணிக்கு எரிந்து இரவு 10 மணிக்கு அணையட்டும். வெள்ளை லைட் மதியம் 3 மணி முதல் இரவு 8 மணி வரை. இதை வைத்துவிட்டு இரண்டு மாதம் கை வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை வராது. மீன் மட்டும்தான், பவளமே கிடையாது என்றால் இன்னும் எளிது: நீங்கள் வீட்டில் இருக்கிற நேரத்தை ஒட்டி 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும், அதற்கு மேல் எரிவதெல்லாம் பாசிக்குப் போடுகிற தீனி.

சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிறதே, தொட்டிக்கும் அப்படித்தானே வைக்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். வெளியே இருக்கிற சூரியனுக்கும் உங்கள் தொட்டிக்கும் சம்பந்தம் இல்லை. காலை 6 முதல் மாலை 6 வரை லைட் எரிந்தால், நீங்கள் வீட்டுக்கு வரும்போது தொட்டி இருட்டாக இருக்கும், "கொஞ்ச நேரம் பார்க்கலாமே" என்று மறுபடி போடுவீர்கள், பன்னிரண்டு மணி நேரம் பதினாறு ஆகிவிடும். பாதித் தொட்டிகள் பச்சை பிடித்துப் போவது இப்படித்தான். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்பது உங்கள் வசதி. தினமும் அதே மணிக்கு ஆரம்பித்து அதே மணிக்கு முடிகிறதா என்பதும், மொத்தத்தில் எவ்வளவு ஒளி போகிறது என்பதும்தான் பவளத்தைப் பாதிக்கும். காலையில் இருந்து 1 மணி வரை ஹால் ஜன்னல் வெளிச்சத்திலேயே மீன்கள் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மொத்த ஒளி என்றால் என்ன

பவளத்தின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. ஒளியை வைத்து அது தயாரிக்கிற உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. ஆனால் ஒளி கூடக்கூட உணவும் கூடிக்கொண்டே போகாது. ஒரு அளவுக்கு மேல் அந்தப் பாசியால் ஒளியை வாங்கிக்கொள்ள முடியாது. மிச்ச ஒளி வீண் என்பதோடு நிற்காமல் செல்லுக்குள் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்குகிறது, அது முற்றினால் பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடும். ப்ளீச்சிங் என்று சொல்வது இதைத்தான்.

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிற ஒளியின் அளவை 'பார்' என்ற கணக்கில் சொல்வார்கள். சதுர மீட்டருக்கு விநாடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று வரும். தோராயமாக, சாஃப்ட் கோரல், மஷ்ரூம் பவளம், ஜோவாந்திட் எல்லாம் 50 முதல் 150 வரை, எல்.பி.எஸ். 75 முதல் 150 வரை, அக்ரோபோரா மாதிரி எஸ்.பி.எஸ். (சிறிய பாலிப் உள்ள கல் பவள) வகைகள் 200 முதல் 350 வரை. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் உச்சி வெயிலில் இது 2000 வாக்கில் போகும், அதை நினைத்து யாரும் வீட்டுத் தொட்டியில் போட்டி போட வேண்டாம்.

இந்த எண்ணை நேரத்தோடு பெருக்கினால்தான் ஒரு நாள் டோஸ் வரும். 120 பார், 7 மணி நேரம், மணிக்கு 3600 விநாடி: பெருக்கினால் 30,24,000 மைக்ரோமோல், அதாவது 3 மோல் சொச்சம். அதே 3 மோலை 84 பாரில் 10 மணி நேரம் கொடுத்தும் எட்டலாம். இது புரிந்துவிட்டால் ஒரு முக்கியமான விஷயம் கையில் வந்துவிடும்: லைட் பலம் குறைவாக இருந்தால் நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம், லைட் பலமாக இருந்தால் நேரத்தைக் குறைக்கலாம், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. லைட்டின் பலம் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற நேரத்தைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஏறினால் அது ஒரு மணி நேரத்துக்குச் சமம்.

அளப்பதற்கு அபோஜி நிறுவனத்துடையது மாதிரி நீருக்குள் போடுகிற பார் மீட்டர்கள் இருக்கின்றன, விலை பல தொட்டிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஊரில் நாலைந்து பேர் பவளத் தொட்டி வைத்திருந்தால் ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம், வருடத்துக்கு இரண்டு முறைதான் தேவைப்படும். போனில் லக்ஸ் ஆப் வைத்து அளந்துவிட்டு இத்தனை பார் என்று சொல்வதை நம்ப வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, கண்ணுக்குப் பச்சை, மஞ்சள்தான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கலாகத்தான் தெரியும். நம் லைட்டில் இருப்பதோ முக்கால்வாசி நீலம். கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிற நீல லைட் பவளத்துக்குக் கடும் வெயிலாக இருக்கக்கூடும், இந்த இடத்தில்தான் புதியவர்கள் நிறையப் பேர் "டல்லா இருக்கே" என்று திருகித் திருகி ஏற்றிவிடுகிறார்கள்.

பிளாக் பாக்ஸ் லைட் வைத்திருப்பவர்களுக்கு

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் போய்க் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கறுப்புப் பெட்டி எல்.இ.டி.யைத்தான். 165 வாட் என்று எழுதியிருக்கும், இரண்டு டயல், இரண்டு வயர், ஒன்று நீலத்துக்கு, மற்றது வெள்ளைக்கு. ஆப் கிடையாது, வைஃபை கிடையாது, ஃபேன் சத்தம் கொஞ்சம் உண்டு. என்னைக் கேட்டால் ஆரம்பிக்கிறவருக்கு இது நல்ல லைட், ஏனென்றால் தினம் தினம் மாற்றுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை.

தண்ணீர் மட்டத்தில் இருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். நீல டயல் 25 சதவீதத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றி 40க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். வெள்ளை 5 முதல் 10, அதற்கு மேல் வேண்டாம். வெள்ளையைக் கூட்டினால் தொட்டி கடைக் கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரியும், பவளத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. கடலில் சில மீட்டர் ஆழம் போனாலே சிவப்பு முதலில் காணாமல் போய்விடும், நீலம்தான் ஆழம் வரை இறங்கும், ஜூசாந்தெல்லேயும் 400 முதல் 500 நானோமீட்டர் வரையான அந்த ஊதா, நீலப் பகுதியைத்தான் நன்றாக உறிஞ்சுகிறது.

இரண்டு வயரையும் இரண்டு தனி டைமரில் மாட்டுங்கள். நீலம் 1 மணிக்கு, வெள்ளை 3 மணிக்கு. வெள்ளை 8 மணிக்கு அணையும், நீலம் 10 மணிக்கு. மெதுவாக ஏறி இறங்குகிற வசதி இல்லாவிட்டாலும் இந்த இரண்டு படி போதும். கடைசி இரண்டு மணி நேரம் நீலம் மட்டும் எரிகிறதே, அது உண்மையில் உங்களுக்காக. பவளத்தில் இருக்கிற ஒளிரும் புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பி வீசும். சாப்பிட்டு முடித்து எட்டரை மணிக்கு ஹால் லைட்டை அணைத்துவிட்டுத் தொட்டி முன் நாற்காலியைப் போட்டால், பகலில் பழுப்பாகத் தெரிந்த ஜோவாந்திட்டின் விளிம்பில் பச்சை வளையம் எரிவது தெரியும்.

ஆப் உள்ள லைட் என்றால்

ஏ.ஐ. ப்ரைம், ரேடியான் மாதிரி லைட்களில் ஏழெட்டு சேனல் (தனித்தனியாக ஏற்றி இறக்கக்கூடிய நிறம்) இருக்கும், நிமிடத்துக்கு நிமிடம் மாற்றலாம், மேகம், மின்னல் எல்லாம் உண்டு. மின்னலை முதல் நாளே அணைத்துவிடுங்கள், மீன் மிரண்டு மூடியில் முட்டிக்கொள்வதைத் தவிர அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நாலே புள்ளி வைத்தால் போதும்: பகல் 1 மணிக்குப் பூஜ்யம், 3 மணிக்கு உச்சம், இரவு 8 மணி வரை அதே உச்சம், 10 மணிக்கு மறுபடி பூஜ்யம். உச்சம் 5 மணி நேரம், ஏற்ற இறக்கம் நாலு மணி நேரத்தில் பாதி 2 மணி, ஆக 7 மணி நேரம். மேலே போட்ட கணக்கு இதற்குத்தான்.

யூ.வி., வயலெட், ராயல் ப்ளூ, ப்ளூ இவை முதுகெலும்பு. வெள்ளை அதில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ. பச்சையும் சிவப்பும் நம் கண்ணுக்கு மீன் நிறம் நன்றாகத் தெரிவதற்காக மட்டும், 5 சதவீதம் தாராளம். வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவர் போட்ட ஷெட்யூலை அப்படியே இறக்கிப் போடுகிற பழக்கம் இருக்கிறது. அவர் தொட்டி இரண்டடி ஆழம், லைட் ஓரடிக்கு மேலே, கூடவே டி5 குழாய் (ட்யூப் லைட்) வேறு. உங்களுடையது ஒன்றரை அடி ஆழம், லைட் ஆறு அங்குலத்தில். அவருடைய 70 சதவீதம் உங்கள் தொட்டியில் பவளத்தைப் பொசுக்கிவிடும். ஷெட்யூலின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சதவீதத்தை எடுக்காதீர்கள்.

இதில் 'அக்ளைமேஷன்' என்று ஒரு வசதி இருக்கும். புது லைட் மாட்டினால் அதை 50 சதவீதத்தில் தொடங்கி ஆறு வாரம் அல்லது எட்டு வாரத்தில் முழு அளவுக்கு ஏறும்படி வையுங்கள்.

டைமரும் கரண்ட்டும்

நம் ஊரில் ஷெட்யூலைக் கெடுப்பது பவளமும் இல்லை, பாசியும் இல்லை, மின்வெட்டு. வட்டமாகத் திரும்புகிற, சுற்றிலும் 96 ஊசி உள்ள டைமர், ஒரு ஊசிக்குப் பதினைந்து நிமிடம், விலை குறைவு, பல வருடம் உழைக்கும். ஆனால் கரண்ட் நின்றால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியில் இருந்து 2 மணி வரை நிறுத்தினார்கள் என்றால், 1 மணிக்கு வர வேண்டிய லைட் மாலை 6 மணிக்கு வரும், இரவு 10 மணிக்கு அணைய வேண்டியது விடியற்காலை 3 மணிக்குத்தான் அணையும். யாராவது கவனித்துத் திருப்பி வைக்கும் வரை தினமும் அப்படியேதான் ஓடும். உள்ளே சிறிய பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள், விலை கொஞ்சம்தான் கூட.

ஸ்மார்ட் ப்ளக் வைத்திருந்தால் ஆப்பில் ஒரு அமைப்பைத் தேடிப் பாருங்கள்: கரண்ட் திரும்பி வந்ததும் ப்ளக் எரியுமா, அணைந்தே இருக்குமா, பழைய நிலைக்குப் போகுமா என்று கேட்கும். லைட்டுக்கு 'பழைய நிலை' என்று வைத்தால், இரவு 9:50க்குப் போன கரண்ட் 11 மணிக்கு வரும்போது லைட்டும் எரிந்துகொண்டே வரும், அணைக்கச் சொல்லும் நேரமோ தாண்டிப் போயிருக்கும். 'அணைந்தே இருக்கட்டும்' என்பது பாதுகாப்பு. ஒரு நாள் பாதி ஒளியில் இருந்தால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது, இரவு முழுக்க எரிந்தால்தான் வம்பு. பல ப்ளக்குகள் இணையத்தில் இருந்துதான் மணி பார்க்கின்றன, ரௌட்டர் எழுந்திருக்காவிட்டால் அதற்கு மணியே தெரியாது. எதை வாங்கினாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மெயினைப் பத்து நிமிடம் அணைத்துப் போட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஊருக்குப் போகாதீர்கள்.

லைட்டை இன்வெர்ட்டரில் போட வேண்டுமா என்றால், வேண்டாம். கரண்ட் போனால் தண்ணீரைக் கலக்கிவிடும் வேவ்மேக்கரும், வடிகட்டிய தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் மோட்டாரும் ஓட வேண்டும், மீனுக்கு ஆக்சிஜன் அதில்தான். லைட் இல்லாமல் தொட்டி இரண்டு மூன்று நாள் கூடத் தாங்கும்.

செலவு என்று பார்த்தால், 100 வாட் இழுக்கிற லைட் 9 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 0.9 யூனிட், இரண்டு மாத பில்லில் 54 யூனிட். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இழுப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஏப்ரல், மே, ஜூன்

வெயில் மாதங்களில் மேலே சொன்ன நேரத்தை மாற்றியாக வேண்டும். மதியம் 2 முதல் 4 வரை அறையே கொதிக்கும், அதே நேரத்தில் லைட்டும் உச்சத்துக்குப் போனால் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது, சில்லர் இல்லாத வீட்டில் 28க்குள் நிறுத்தினாலே பெரிய விஷயம். ஃபேன் போட்டால் இறங்கும்தான், ஆனால் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் தண்ணீர் ஆவியாவதே குறைவு, உள்நாட்டு ஊர்களில் இறங்குகிற அளவுக்கு இங்கே இறங்காது.

எனவே ஷெட்யூலை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள்: நீலம் 2:30 முதல் 11:30, வெள்ளை 4:30 முதல் 9:30. ஒரே நாளில் தள்ளாமல் தினம் பதினைந்து நிமிடமாகத் தள்ளினால் ஆறு நாளில் முடிந்துவிடும். கூடவே உச்சத்தைக் கால் பங்கு குறைத்துவிடுங்கள். இது வெறும் சூட்டுக்காக மட்டும் இல்லை. தண்ணீர் சூடாக இருக்கும்போது பவளத்துக்குள் இருக்கிற பாசியால் வழக்கமான ஒளியைக் கூடச் சமாளிக்க முடியாது, 27 டிகிரியில் ஒத்துப்போன அதே 120 பார் 31 டிகிரியில் ப்ளீச்சிங்கில் கொண்டுபோய் விடும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளங்கள் பெருமளவில் வெளிறிப்போனது இந்தக் கோடை மாதங்களின் கடல் சூட்டில்தான், கடலுக்கு யாரும் டிம்மர் போட முடியாது, நம்மிடம் டயல் இருக்கிறது. பருவமழை வந்து அறை குளிர்ந்ததும் பழைய நேரத்துக்குத் திரும்பலாம், அதுவும் மெதுவாக.

ஜன்னல் பக்கம் தொட்டி வைத்திருந்தால் ஒரு வருடம் முழுக்க வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சென்னையில் பகல் நீளம் டிசம்பரில் 11 மணி 20 நிமிடம் வாக்கில், ஜூனில் 12 மணி 50 நிமிடம் வாக்கில், பெரிய வித்தியாசம் இல்லை. சூரியன் போகிற பாதைதான் வடக்கும் தெற்குமாக நகரும். ஜூலையில் நிழலாக இருந்த தெற்கு ஜன்னல் டிசம்பரில் நேர் வெயிலைத் தொட்டிக்குள் கொண்டுவரும். மேற்கு ஜன்னல் என்றால் யோசிக்கவே வேண்டாம், தடித்த திரை போட்டுவிடுங்கள்.

புதுத் தொட்டி

தண்ணீர் ஊற்றி, பாறை போட்டு, சைக்கிள் ஆகிற, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்கிற நாலு முதல் ஆறு வாரம் லைட்டே வேண்டாம். பாக்டீரியாவுக்கு ஒளி தேவையில்லை, அந்த நேரத்தில் ஒளி கொடுத்தால் வருவது பழுப்பு டயாட்டமும் பச்சை முடிப் பாசியும்தான். லைட் வாங்கிய ஆசையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் அரை மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். மீன் விட்டதும் 5 மணி நேரம், முதல் பவளம் வந்ததும் 6, பிறகு வாரத்துக்கு அரை மணி கூட்டி 9ல் நிறுத்துங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் எந்தத் தொட்டிக்கும் தேவையில்லை.

புதுப் பவளம்

கடையில் இருந்து பையில், இருட்டில் வந்த பவளத்தை நேராக லைட்டுக்குக் கீழே நடுப் பாறையில் வைக்காதீர்கள். அன்றைக்கு வெள்ளை வேண்டாம், நீலம் மட்டும், அதுவும் குறைத்து. பவளத்தை மணலில், ஓரத்தில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் மேலே, மறு வாரம் இன்னும் கொஞ்சம். நகர்த்த முடியாத பெரிய துண்டு என்றால், ஜன்னலுக்கு அடிக்கிற ஃபைபர் கொசுவலையை வெட்டி, அந்த இடத்துக்கு மேலே தொட்டியின் விளிம்பில் நாலு மடிப்பாகப் போடுங்கள். நாலு நாளைக்கு ஒரு மடிப்பு எடுத்தால் பதினாறு நாளில் முழு ஒளிக்குப் பழகிவிடும். புதிதாக வந்த ஒருவருக்காக மொத்தத் தொட்டியின் லைட்டையும் குறைத்துப் பழைய பவளங்களைப் பட்டினி போடுவதை விட இது மேல்.

இந்தியாவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கம் இருந்து எடுத்தது, தூத்துக்குடியில் இருந்து வந்தது என்று யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள், சட்டம் ஒருபுறம் இருக்க, இருப்பதே கொஞ்சம்தான் அங்கே.

பவளம் என்ன சொல்கிறது

ஜோவாந்திட்டின் தண்டு நீண்டு, தலை லைட்டை நோக்கி எக்கிக்கொண்டு நின்றால் ஒளி போதவில்லை. தட்டையாகப் பாறையோடு ஒட்டிக்கிடந்தால் ஒளி அதிகம். மஷ்ரூம் விரிந்து பாவாடை மாதிரி பரவினால் இன்னும் கொஞ்சம் ஒளி கேட்கிறது, சுருங்கி விளிம்பை மடித்துக்கொண்டால் குறைக்கச் சொல்கிறது. எஸ்.பி.எஸ். பழுப்பாக மாறினால் பெரும்பாலும் ஒளி குறைவு, அல்லது நைட்ரேட், பாஸ்பேட் கூடிவிட்டது: இரண்டிலும் பாசி உள்ளே பெருகிவிடும், நிறம் மறைந்துவிடும். நுனியில் இருந்தோ, லைட்டைப் பார்த்த பக்கத்தில் இருந்தோ வெளிற ஆரம்பித்தால் ஒளி அதிகம், அன்றைக்கே குறையுங்கள். குறைப்பதற்கு யோசிக்க வேண்டாம், கூட்டுவதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

இதைத் தவிர வேறு எந்த மாற்றத்துக்கும் மூன்று வாரம் பொறுங்கள். ஒரு வாரம் நேரம், அடுத்த வாரம் டயல், அதற்கடுத்த வாரம் லைட் உயரம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாது. தொட்டிப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், தேதி, டயல் எண், வெப்பநிலை, அவ்வளவு எழுதினால் போதும்.

ராத்திரி

இரவில் உண்மையான இருட்டு வேண்டும். ராஸ் மீன்கள் மணலுக்குள் புகுந்தோ பாறை இடுக்கில் ஒண்டியோ தூங்கும், நத்தைகளும் பூச்சிகளும் அப்போதுதான் வெளியே வந்து வேலை பார்க்கும், பல எல்.பி.எஸ். பவளங்கள் லைட் அணைந்த பிறகுதான் உணவு பிடிக்கிற விரல்களை நீட்டும். அவற்றுக்குத் தீனி போட அந்த நேரம்தான் சரி. தொட்டி லைட் அணைந்த பிறகு ஹால் லைட் ஒரு பதினைந்து நிமிடம் எரியட்டும், அப்போது மீன்கள் திடுக்கிட்டு முட்டிக்கொள்ளாமல் இடம் பிடித்துப் படுக்கும்.

நிலா லைட் அழகுக்குத்தான். உண்மையான பௌர்ணமி வெளிச்சம் கால் லக்ஸ் கூட வராது, கடையில் விற்கிற நிலா லைட் அதைவிடப் பல மடங்கு. ஒரு மணி நேரம் எரிந்து அணைந்துவிட்டால் தொந்தரவு இல்லை, விடிய விடிய வேண்டாம். நிலவுக்குப் பவளத்தில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் நிலவின் தேய்பிறை வளர்பிறை, பருவத்துக்குத் தக்க வெப்பம், பகல் நீளம் எல்லாவற்றையும் தொட்டிக்குள் அப்படியே நடத்திக் காட்டி 2013ல் அக்ரோபோரா பவளங்களை முட்டையிட வைத்தார்கள், 2017ல் முறையையும் வெளியிட்டார்கள். அது வேறு அளவிலான வேலை. நம் வீட்டில் இருட்டு முக்கியமாகிற ஒரே இனப்பெருக்கம் க்ளவுன் மீனுடையது: முட்டையிட்ட ஏழெட்டு அல்லது ஒன்பதாவது இரவு, லைட் அணைந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குஞ்சு பொரியும், அந்த வாரம் நிலா லைட்டையும் நிறுத்தி, அணைகிற நேரத்தை ஒரு நிமிடம் கூட மாற்றாமல் வையுங்கள்.

சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வடிகட்டலுக்கு வைக்கிற துணைத் தொட்டி) கீட்டோ என்ற பச்சைப் பாசி வளர்ப்பவர்கள் அதன் லைட்டை நேர்மாறாக வையுங்கள், இரவு 10 முதல் காலை 10 வரை. பகலில் தொட்டியில் ஒளிச்சேர்க்கை நடக்கும்போது பி.எச். ஏறும், இரவில் எல்லோரும் மூச்சு மட்டும் விடுவதால் இறங்கும். இரவில் கீட்டோ கரியமில வாயுவை எடுத்துக்கொண்டால் அந்த இறக்கம் குறையும். படுக்கையறையில் தொட்டியை வைத்து, கதவு ஜன்னல் சாத்தி, ஏ.சி. போட்டுத் தூங்குபவர்களுக்கு இது ரொம்பவே உதவும், அந்த அறைக் காற்றிலேயே கரியமில வாயு கூடிவிடும்.

வழுவழுப்பு வந்தால்

மணல் மேல் கருஞ்சிவப்புப் படலமாக, உரித்தால் தோல் மாதிரி வருவது சயனோ (சயனோபாக்டீரியா). பழுப்பு இழையாக, நுனியில் காற்றுக் குமிழி கோத்தபடி ஆடுவது டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). டைனோவை அடையாளம் காண லைட் ஷெட்யூலே உதவும்: மாலை 5 மணிக்குப் பாறை முழுக்கக் கோழை மாதிரி தொங்கும், மறுநாள் காலை லைட் வருவதற்கு முன் போய்ப் பார்த்தால் தொட்டி ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். சில வகைகள் இரவில் பாறையை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், யூ.வி. ஸ்டெரிலைசர் வைத்திருந்தால் இரவில் ஓடவிடுங்கள், அப்போதுதான் மாட்டும்.

இரண்டுக்கும் மூன்று நாள் முழு இருட்டு வைத்தியம் உண்டு. லைட்டை அணைத்து, தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, ஏர் பம்ப் ஒன்றைக் கூடுதலாக ஓட்டி, மீனுக்குத் தீனியைக் குறைத்து 72 மணி நேரம். சாஃப்ட் கோரலும் எல்.பி.எஸ்.ஸும் தாங்கும், எஸ்.பி.எஸ். நிறைய இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். நாலாம் நாள் பழைய உச்சத்துக்கு நேராகப் போகாதீர்கள், பாதியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏறுங்கள். அது வந்த காரணத்தைச் சரி செய்யாமல் இருட்டை மட்டும் நம்பினால் பத்து நாளில் திரும்பி வரும்.

துடைப்பது

லைட்டின் அடிக் கண்ணாடியில் உப்புத் தெறித்துக் காய்ந்து வெள்ளைப் பொருக்காகப் படியும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கைப்பேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். ஆறு மாதமாகத் துடைக்காமல் இருந்துவிட்டு ஒரு நாள் பளபளவென்று துடைத்தால், அன்று பவளத்துக்கு விழுகிற ஒளி திடீரென்று கூடும், ஆகவே அன்றைக்கு டயலைக் கொஞ்சம் இறக்கி வைத்து ஒரு வாரத்தில் திரும்ப ஏற்றுங்கள். டி5 குழாய் வைத்திருப்பவர்கள் 9 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை குழாயை மாற்ற வேண்டும், கண்ணுக்கு எரிவதாகத் தெரிந்தாலும் பலமும் நிறமும் இறங்கியிருக்கும். நாலு குழாயையும் ஒரே நாளில் மாற்றாமல், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள்.